ராத்திரி ரெண்டு விளக்கு, காலையில் மங்கல், நடுவில் ஒரு நாள் ஷட்டர்

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயசு. தண்டையார்பேட்டை. ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டறேன். வாரத்துல ரெண்டு நாள், சனிக்கிழமை கட்டாயம், ஒன்றரை குவார்ட்டர் பிராந்தி. ரெண்டு மாசமா, குடிச்ச அன்னிக்கு ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு லைட்டெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. படுத்தா ரூம் சுத்துது. மறுநாள் பதினொரு மணி வரைக்கும் பனி மூடின மாதிரி மங்கல், வேர்வை, கை நடுக்கம். போன செவ்வாய்க்கிழமை, அன்னிக்குக் குடிக்கவே இல்ல, ஜீரோ கேட் கியூவுல நிக்கும்போது இடது கண்ணுல மேலேர்ந்து ஷட்டர் இறங்கின மாதிரி சாம்பல் கலர் வந்து, பத்து நிமிஷத்துல தானா ஏறிடுச்சு. வலி இல்ல. சுகருக்கு நாலு வருஷமா கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. சிகரெட் நாளுக்கு ஒரு பாக்கெட். கூட்டாளிங்க "சரக்கு டூப்ளிகேட்டா இருக்கும், கடையை மாத்து"ன்றாங்க. ஒரு தடவை வெளியில வாங்கின பாட்டிலும் குடிச்சிருக்கேன். கண்ணாடி போட்டா சரியாகுமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இறங்கிய அந்த ஷட்டர். மற்றவற்றை விரிவாகப் பேசலாம், அவற்றுக்கு அவகாசம் இருக்கிறது. இதற்கு இல்லை.

வலியே இல்லாமல், ஒரே கண்ணில், திரை இறங்குவது போலப் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்பினால், அந்தக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வோம். கழுத்துப் பக்கவாட்டில் ஏறும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படிந்திருக்கும். அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து கண்ணின் ரத்தக்குழாயில் போய் அடைக்கும், பிறகு கரைந்தோ நகர்ந்தோ போய்விடும். பார்வை திரும்பிவிடுவதால் ஆளும் மறந்துவிடுவார். அதே கழுத்துக் குழாய்தான் மூளைக்கும் போகிறது. அடுத்த துணுக்கு கண்ணுக்குப் போகாமல் மேலே போனால் அதற்குப் பெயர் பக்கவாதம். ஆபத்து அதிகம் இருப்பது முதல் இரண்டு நாளிலும் முதல் வாரத்திலும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அந்த நாட்கள் கடந்திருக்கலாம். அதனால் போக வேண்டாம் என்று ஆகிவிடாது, இன்றைக்கே போங்கள்.

அன்றைக்கு நீங்கள் குடிக்கவில்லை என்பதால் குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை, ஒரு பாக்கெட் சிகரெட், வார இறுதியில் மொத்தமாகக் குடிப்பது மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. ஒரே மூச்சில் அதிகம் குடிப்பவர்களுக்கு அடுத்த ஓரிரு நாளில் இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுவது உண்டு. அப்படி ஓடும்போது இதயத்தின் மேல் அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். துணுக்கு அங்கிருந்தும் கிளம்பலாம். அதனால்தான் கண்ணைப் பற்றிய புகாருக்கு ஈசிஜி எடுக்கிறார்கள்.

உங்களுக்குப் பக்கம் பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே போனதும் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். "கண்ணு மங்குது, தண்ணி அடிப்பேன்" என்று ஆரம்பித்தால் கண்ணாடி பரிசோதிக்கும் வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்கள் மேலும் குறை சொல்ல முடியாது. "சுகர் இருக்கு. இடது கண்ணில் பத்து நிமிஷம் பார்வை போய்த் திரும்பி வந்தது" என்று சொல்லுங்கள். தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்த அழுத்தம், ஈசிஜி, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன், கொழுப்பு, மூன்று மாத சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கண்மணியை விரித்துவிட்டு விழித்திரையைப் பார்ப்பது, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் என்று போகும். ஆஸ்பிரின் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மூளையில் கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் அதை ஆரம்பிக்க வேண்டும்.

மறுபடி அதே ஷட்டர் வந்தாலோ, கூடவே வாய் கோணினாலோ, ஒரு கை கால் கனத்தாலோ, பேச்சு குழறினாலோ 108. "நேத்து அடிச்சது இன்னும் இறங்கல" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவதுதான் குடிப்பவர் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. குடித்தவருக்கும் பக்கவாதம் வரும், குழறல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இனி ராத்திரி விளக்குகளுக்கு வருவோம்.

அடுத்த முறை விளக்கு இரண்டாகத் தெரியும்போது (வண்டி ஓட்டும்போது அல்ல, உட்கார்ந்த இடத்தில்) ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். பிறகு மற்ற கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் விளக்கு ஒன்றாகிவிட்டால், இரண்டு கண்களும் தனித்தனியாக நன்றாக இருக்கின்றன, சேர்ந்து வேலை செய்வதில்தான் கோளாறு. ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகவே தெரிந்தால் திறந்திருக்கும் கண்ணிலேயே ஏதோ இருக்கிறது: கண்ணீர்ப்படலம் காய்ந்திருக்கலாம், கண்புரை தொடங்கியிருக்கலாம், பவர் இருக்கலாம். கண் மருத்துவர்கள் இரட்டைப் பார்வை என்றதும் முதலில் செய்வது இந்தச் சோதனையைத்தான். காசு செலவில்லை, வீட்டிலேயே செய்யலாம்.

குடியால் வருவது முதல் வகை. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு கண்ணும் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. மிகச் சின்ன விலகல் இருக்கும். மூளை அதை நொடிக்கு நொடி இழுத்துப் பிடித்து ஒரே படமாக்கிக் காட்டுகிறது. மதுவில் இருக்கும் எத்தனால் முதலில் தளரவைக்கும் வேலைகளில் இந்த இழுத்துப் பிடித்தலும் ஒன்று. தூரத்தைப் பார்க்கும்போது கண்கள் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பிவிடுகின்றன. அதனால்தான் தூரத்து ரோட்டு விளக்கு பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரியும். கையிலிருக்கும் பாட்டில் லேபிளோ போனோ பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். உங்களுக்கும் அப்படித்தானா என்று பாருங்கள். போதை இறங்கியதும் இது முழுசாகப் போய்விட வேண்டும். மறுநாள் சாயங்காலமும் இரண்டாகத் தெரிந்தால், அல்லது விளக்குகள் பக்கத்தில் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தால், அல்லது ஒரு இமை தொங்கினால் அது குடியின் கணக்கில் வராது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்ணை அசைக்கும் நரம்பு ஒன்று திடீரென்று செயலிழப்பது உண்டு. இமை தொங்கலோடு கடுமையான தலைவலியும் சேர்ந்தால் அது அவசரம்.

தினமும் குடித்து, சாப்பாட்டை விட்டுவிட்டவர்களுக்கு இன்னொன்று வரும். இரட்டைப் பார்வையோடு நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் இருக்கும், போதை இறங்கியும் போகாது. தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போனதால் வருவது. அதற்கு ஊசியாக பி1 போட வேண்டும், அதுவும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்னாலேயே. இது இல்லாமல் பக்கத்துக் கிளினிக்கில் "டிரிப்ஸ் ஒண்ணு போட்டா தெளிஞ்சிடும்" என்று வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் செலவாகி ஆள் இன்னும் மோசமாவார். வாரத்துக்கு இரண்டு நாள் குடிக்கும் உங்களுக்கு இது வந்திருக்க வாய்ப்பு குறைவு. உங்களுக்குத் தெரிந்த வேறு யாருக்காவது பயன்படலாம்.

படுத்தால் ரூம் சுற்றுவது ஏன் என்பது சுவாரசியமான கதை. காதுக்குள்ளே, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அதற்குள் தண்ணீர் மாதிரி ஒரு திரவம், அந்தத் திரவத்தில் கதவு போல ஒரு பசைத்தடுப்பு. சாதாரண நேரத்தில் தடுப்புக்கும் திரவத்துக்கும் ஒரே எடை, அதனால் தலையை அசைக்காதவரை தடுப்பு அசையாது. தடுப்பின் பக்கத்திலேயே ரத்தக்குழாய்கள் இருப்பதால் எத்தனால் முதலில் தடுப்புக்குள் போகிறது. எத்தனால் தண்ணீரைவிட லேசு. தடுப்பும் லேசாகி மிதக்கப் பார்க்கிறது. நீங்கள் படுத்ததும் அது சாய்ந்து "தலை சுற்றுகிறது" என்று மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்புகிறது. கண்ணும் அதை நம்பித் துடிக்க ஆரம்பிக்கிறது, சுவர் ஓடுகிறது. குடித்த அரைமணி நேரத்தில் தொடங்கி மூன்று, நாலு மணி நேரம் இது இருக்கும். பிறகு திரவத்திலும் எத்தனால் சரிசமமாகக் கலந்ததும் சற்று நேரம் அமைதி. அதன்பின் தடுப்பிலிருந்து எத்தனால் முதலில் வெளியேறும். இப்போது தடுப்பு கனம், திரவம் லேசு. விடியற்காலையில் ரூம் எதிர்த்திசையில் சுற்றும்.

"காலையில ஒரு கட்டிங் போட்டா தெளிஞ்சிடும்" என்று சொல்வார்களே, அது பொய் இல்லை என்பதுதான் அதிலுள்ள சிக்கல். மறுபடி எத்தனால் தடுப்புக்குள் போய் எடையைச் சமன் செய்வதால் சுற்றல் நிஜமாகவே நிற்கும். கடன் அடைக்கக் கடன் வாங்கியது மாதிரி, மத்தியானம் வட்டியோடு திரும்ப வரும். காலை கட்டிங் பழக்கம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. ராத்திரி சுற்றும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தலையணையை உயர்த்தி, சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டுப் பார்த்துக்கொண்டு படுத்தால் சற்று அடங்கும். வாந்தி வருபவரை ஒருபோதும் மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

காலை மங்கல்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டாவது கவலை. வேர்வையும் கை நடுக்கமும் கூட வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஹேங்ஓவராக மட்டும் இருந்தால் பரவாயில்லை. உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். குடித்த இரவில் கல்லீரல் எத்தனாலை உடைப்பதில் மாட்டிக்கொண்டிருக்கும், புதிதாகச் சர்க்கரை செய்யும் வேலை நின்றுபோகும். இரண்டும் சேர்ந்தால் விடியும்போது சர்க்கரை சரிந்து கிடக்கும். மூளைக்கும் விழித்திரைக்கும் சர்க்கரைதான் எரிபொருள். பனி மூடின மாதிரி மங்கல், வேர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதிலிருந்து வரும். பக்கத்தில் இருப்பவருக்கு போதை தெளியாத ஆள் மாதிரியே தெரியும்.

நெத்திலி வறுவலும் வேர்க்கடலையும் ராத்திரிச் சாப்பாடு ஆகாது. சனிக்கிழமைகளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோலா ஊற்றிக் குடிப்பவர்களுக்கு முதலில் சர்க்கரை ஏறி, பிறகு சரிவதால் படுக்கப் போகும்போது பார்த்தால் மீட்டரில் எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும். வேறு சிலர் குடித்த அன்று மாத்திரையை மொத்தமாக விட்டுவிடுவார்கள், அவர்களுக்குச் சர்க்கரை ஏறி மங்கும். இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். அதனால் ஊகிக்காதீர்கள், குத்திப் பாருங்கள். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மங்கல் இருக்கும்போதே கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு (பழமோ இனிப்போ தொட்ட விரல் தப்பு அளவு காட்டும்) பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க உடம்பில் வேலை செய்யும். சர்க்கரைத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், பிறகு மறுபடி சரியும். அன்று முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு "சுகர் பேஷண்ட், மயக்கம்" என்று சொன்னால் போதும்.

மாத்திரையை மாற்றுவது பற்றி உங்களுக்கு எழுதித் தந்த மருத்துவரிடம் பேசுங்கள், குடிக்கும் விஷயத்தை மறைக்காமல். தாழ்சர்க்கரை வராத வேறு மருந்துகள் இருக்கின்றன. மெட்ஃபார்மினும் அதிகக் குடியும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து ஒன்று உண்டு, அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீட்டரில் அளவு சரியாக இருந்தும் மங்கலாக இருக்கிறதா? பத்துத் தடவை இமையை அழுத்திச் சிமிட்டுங்கள். சிமிட்டியதும் தெளிந்து, சில விநாடியில் மறுபடி மங்கினால் அது வறட்சி. மது சிறுநீரை அதிகம் பிரிக்கவைக்கிறது, கண்ணீரிலும் கலந்து வந்து கண்ணீர்ப்படலத்தைக் கெடுக்கிறது. போதாததற்குப் போதைத் தூக்கத்தில் இமை பாதி திறந்திருக்க, ஃபேன் நேரே முகத்தில் அடித்திருக்கும். கண்ணீருக்குப் பதிலான சொட்டு மருந்து, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், நாளுக்கு நாலு தடவை ஒவ்வொரு சொட்டு. கண் சிவப்பை உடனே வெளுக்கவைக்கும் சொட்டு வேண்டாம், மருந்து இறங்கியதும் முன்னைவிடச் சிவக்கும். மெடிக்கல் ஷாப்பில் "கண் எரியுது" என்றதும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டை நிச்சயம் வேண்டாம். முதல் நாள் அற்புதமாக இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும்.

இந்த இடத்தில் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். பிராந்தியில் எத்தனால் 42.8 சதவீதம். ஒன்றரை குவார்ட்டர் என்றால் 270 மி.லி., அதில் சுமார் 91 கிராம் எத்தனால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் உடைக்கும். மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி, தலைக்குத் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 70 கிலோ எடையுள்ள ஆள் ராத்திரி 9 மணிக்குக் குடிக்க ஆரம்பித்தால் காலை 5 மணிக்கு ரத்தத்தில் 100 மி.லி.க்கு 70 மி.கி. அளவில் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்லும் வரம்பு 30 மி.கி. அதற்குக் கீழே இறங்கக் காலை ஏறக்குறைய எட்டு மணி ஆகும், முழுசாகத் தீரப் பத்து மணி ஆகிவிடும். உங்கள் மங்கல் பதினொரு மணிக்குத் தெளிவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். எதிரே வரும் வண்டியின் ஹைபீம் அடித்தபின் கண் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் எத்தனாலில் நீளும். மங்கலான பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறனும் குறையும். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு விடிகாலையில் எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடக்கும் ஆள் கடைசி நொடி வரைக்கும் உங்களுக்குத் தெரியமாட்டார். நாற்பதடிக் கண்டெய்னரோடு வரும் வண்டியை அந்த நொடியில் நிறுத்த முடியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஷட்டர் விஷயத்துக்கு விடை கிடைக்கும்வரை, குடித்தாலும் குடிக்காவிட்டாலும், ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். மாற்று டிரைவரை ஏற்பாடு செய்யுங்கள்.

சரக்கு டூப்ளிகேட்டா என்ற கேள்வி. கண் மங்கியவர்களில் பாதிப் பேர் சொல்லும் முதல் காரணம் இதுதான், பெரும்பாலும் தவறு. டூப்ளிகேட் சரக்கில் கலக்கும் மெத்தனால் என்ற விஷச் சாராயத்தை இரண்டு மாதமாக வாரா வாரம் குடித்துக்கொண்டு, பதினொரு மணிக்கெல்லாம் தெளிந்து, எனக்குக் கடிதமும் எழுத முடியாது. ஆனால் வெளியில் வாங்கிய பாட்டிலைக் குடித்ததாக எழுதியிருப்பதால் மெத்தனால் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மெத்தனால் தொழிற்சாலைச் சாமான். தின்னரில் வரும், மரவேலைப் பட்டறையில் வார்னிஷோடு கலக்கும் ஸ்பிரிட்டில் வரும். வாசனையிலும் ருசியிலும் எத்தனாலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. கொளுத்தினால் நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பதும் பொய், இரண்டும் நீலமாகத்தான் எரியும். மெத்தனால் உள்ளே போனதும் கெடுதல் செய்வதில்லை. கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக்குகிறது, எறும்பின் கடியில் இருக்கும் அதே அமிலம். அது பார்வை நரம்பின் செல்கள் மூச்சு விடுவதையே நிறுத்திவிடுகிறது. இந்த உடைப்புக்கு நேரம் பிடிக்கும். குடித்த இரவு சாதாரண போதை. தூங்கி எழுந்து, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்து, வயிற்றுவலி, வாந்தி, வேகமாக வாங்கும் மூச்சு, அதோடு பார்வை வெள்ளையாக மூடிக்கொள்வது. நல்ல சாராயத்தோடு கலந்து குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் கல்லீரல் முதலில் எத்தனாலை உடைக்கும், மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கமும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களை எடுத்தது இந்த மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். சுத்தமான மெத்தனால் 10 மி.லி. கண்ணைப் பறிக்கப் போதும்.

ஆகவே உங்கள் வழக்கமான மங்கலிலிருந்து இதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். வழக்கமானது போதையோடு வந்து போதையோடு போகும். மெத்தனால் மங்கல் போதை போன பிறகு வரும், நேரம் ஆக ஆகக் கூடும். கடையில் சீலோடு வாங்காத எதையாவது குடித்த மறுநாள் இப்படி வந்தால் சர்க்கரைத் தண்ணீர், தூக்கம், வாந்தி எடுக்கவைப்பது என்று எதிலும் நேரத்தைக் கொல்லக் கூடாது. டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். மெத்தனால் உடைவதை நிறுத்தும் மாற்றுமருந்து, அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ் என்று வைத்தியம் இருக்கிறது. எத்தனை சீக்கிரம் தொடங்குகிறார்களோ அத்தனை பார்வை மிஞ்சும். மாற்றுமருந்தாகச் சில இடங்களில் எத்தனாலையே அளந்து கொடுப்பது உண்டு. அதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே பிராந்தி ஊற்றிக் கொடுப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைத்தான் இழக்கிறார்கள். போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள், கூடக் குடித்தவர்களுக்குப் போன் போட்டு அவர்களையும் வரச் சொல்லுங்கள். அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை என்றாலும் சரி.

மெதுவாக வரும் கேடு ஒன்றும் உண்டு. வருடக்கணக்கில் குடியும் புகையிலையும், சாப்பாட்டில் சத்துக் குறைவும் சேர்ந்து பார்வை நரம்பை நைய வைக்கும். வலிக்காது, இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மட்டும் மங்கும், சிவப்பு நிறம் வெளிறும். மெட்ஃபார்மினும் நாளடைவில் பி12-ஐக் குறைக்கும் என்பதால் உங்களுக்கு இது இரட்டைக் கேள்வி. சிவப்பு மூடி போட்ட பாட்டிலை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கண்ணில் செங்கல் நிறமாகவோ, இரண்டிலும் முன்பைவிடச் சாயம் போனதாகவோ தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் ஊசியிலும் பழக்கத்தை விடுவதிலும் பார்வை நன்றாகவே தேறும். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டில் இருக்கும் எத்தாம்பியூட்டால் இதே மாதிரி பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது.

குடியை விட முடிவெடுத்தால், வாரத்துக்கு இரண்டு நாள் குடிப்பவர் நேராக நிறுத்திவிடலாம். தினமும் குடிப்பவர் அப்படித் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு, மூன்று நாளில் வலிப்பும், சுவரில் பூச்சி ஊர்வது போன்ற தோற்றங்களும் வரலாம். அவர் மருத்துவமனையில் இருந்துதான் நிறுத்த வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், இலவசம்.

கண்ணாடி கேட்டிருந்தீர்கள். 43 வயதில் கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம்தான். ஆனால் இப்போது அளவெடுக்க வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தண்ணீரை உறிஞ்சி ஊதும், வற்றும். அதற்கேற்பப் பவரும் மாறும். இன்றைக்கு எழுதித் தரும் கண்ணாடி அடுத்த மாதம் உதவாது. சர்க்கரை ஒரு மாதம், ஒன்றரை மாதம் நிலையாக நின்ற பிறகு, குடித்த மறுநாள் அல்லாத ஒரு நாளில் அளவெடுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விட்டால் விழித்திரைப் பரிசோதனையையும் அன்றே முடித்துக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது அது. கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டபின் நாலு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, வெயில் கூசும். பைக்கை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய் வாருங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.